மரை ஒன்றுதான், ஊர் வேறு

இந்த எபிசோடை ஒரு தப்பில் இருந்து ஆரம்பிக்கிறேன். தப்பு என்னுடையதுதான்.

எங்க பெரியப்பா நெய்வேலியில் வேலை பார்த்தவர். அங்கே முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டப்பட்டது. 1962ல் மின்சாரம் தர ஆரம்பித்தது, அதற்குப் பிறகும் பல வருஷம் விரிவாக்க வேலை நடந்தது. அதனால் ரஷ்ய எஞ்சினியர்கள் அங்கேயே குடியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது பெரியப்பாவிடம் விற்றுவிட்டுப் போனதுதான் இந்த ஜெனிட்-ஈ கேமரா. பெரியம்மாவைக் குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்க வைத்து எடுத்த கருப்பு வெள்ளைப் படம் இன்னும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இப்போது பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. போன வருஷம் பீரோவில் இருந்து கேமராவை எடுத்து என் கையில் கொடுத்து, "இது இன்னும் படம் எடுக்குமாடா?"ன்னு கேட்டார். இதே கேமராவில் பெரியம்மாவை இன்னொரு தடவை எடுக்க வேண்டுமாம். "போன்லயே எடுங்களேன்"னு பெரியம்மா உள்ளே இருந்து சொன்னாங்க. அதை அவர் காதில் வாங்கவில்லை.

கேமரா நல்லா இருந்தது. லென்ஸ்தான் போய்விட்டது. தோல் உறைக்குள் முப்பது வருஷம் மூடியே இருந்ததில் உள்கண்ணாடி முழுக்கப் பூஞ்சை, சிலந்தி வலை மாதிரி. பூஞ்சையைத் துடைத்துவிடலாம். ஆனால் அது கண்ணாடி மேல் இருக்கும் மெல்லிய பூச்சையும் அரித்துவிட்டால் பிறகு வைத்தியம் கிடையாது. இது அந்த நிலைக்குப் போயிருந்தது. லென்ஸின் பெயர் இண்டஸ்டார்-50. அதே பெயர், அதே 39 மில்லிமீட்டர் மரை என்று பார்த்து ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். வந்தது. திருகினேன், வெண்ணெய் மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தால் ஒரு சாண் தூரத்தில் பிடித்த விரல் தெரிகிறது. அதற்கு அந்தப் பக்கம் உலகமே புகை. தெரு தெரியவில்லை, எதிர்வீட்டு மாடி தெரியவில்லை.

மரை கழன்ற கேஸ்னு ஊரில் சொல்வோம். இங்கே மரை சரியாகத்தான் மாட்டியிருந்தது, அதுதான் வேடிக்கை. பெயரும் சரி, மரையும் சரி, ஆனால் லென்ஸ் வேறு கேமராவுக்கானது. ஏன் இப்படி என்று தேடப் போய்த்தான் இந்தக் கதை முழுக்க எனக்குக் கிடைத்தது.

39 மில்லிமீட்டர் மரை ஜெர்மனியில் வெட்ஸ்லார் ஊரில் இருந்த எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்துடையது. ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த லைக்கா 1925ல் விற்பனைக்கு வந்தபோது லென்ஸைக் கழற்ற முடியாது. 1930ல்தான் திருகிக் கழற்றி மாட்டும் ஏற்பாடு வந்தது. அந்தக் கேமராவுக்குள் கண்ணாடி எதுவும் இல்லை. பக்கத்தில் இருக்கும் தனி ஜன்னல் வழியாகத்தான் பார்ப்போம். அதனால் லென்ஸ் ஃபிலிமுக்கு ரொம்பக் கிட்டே உட்காரலாம்: மரையின் முகத்தில் இருந்து ஃபிலிம் வரை 28.8 மில்லிமீட்டர்.

லைக்காவை அப்படியே பார்த்துச் செய்தார்கள் சோவியத்தில். கார்கிவ் நகரில் அனாதைப் பிள்ளைகளுக்காக நடந்த ஒரு தொழிற்கம்யூன், கல்வியாளர் அன்டோன் மகரென்கோ வழிநடத்தியது, 1934ல் இருந்து ஃபெட் என்ற பெயரில் லைக்கா நகலைச் செய்தது. ஃபெட் என்பது ரகசிய போலீஸின் முதல் தலைவர் ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் மூன்று முதலெழுத்துகள். அனாதைப் பையன்கள் செய்த கேமராவுக்கு ரகசிய போலீஸ்காரர் பெயர்! போருக்குப் பிறகு மாஸ்கோ பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் ஆலை அதையே ஜோர்க்கி என்ற பெயரில் செய்தது. அடுத்து அதே ஆலை, 1952 வாக்கில், ஜோர்க்கியின் உடம்பில் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பொருத்தி, லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவாக மாற்றியது. அதுதான் முதல் ஜெனிட்.

இப்போது கணக்கைப் பாருங்க. மேலும் கீழும் ஆடும் கண்ணாடிக்கு இடம் வேண்டுமே, அதனால் லென்ஸ் முன்னால் தள்ளிப் போனது. 28.8 இருந்த இடத்தில் 45 மில்லிமீட்டர் சொச்சம். ஆனால் மரையை மாற்றவில்லை, அதே 39. லென்ஸ் பெயரையும் மாற்றவில்லை. ஜோர்க்கிக்கு ஒரு இண்டஸ்டார்-50, ஜெனிட்டுக்கு ஒரு இண்டஸ்டார்-50. ஜோர்க்கி லென்ஸை ஜெனிட்டில் மாட்டினால் இருக்க வேண்டிய இடத்தைவிட 16 மில்லிமீட்டர் முன்னால் நிற்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அது கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் தூரத்தில் ஃபோகஸ். அதாவது ஒரு சாண். என் விரல் மட்டும் தெரிந்ததற்குக் காரணம் அதுதான்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு அடையாளம் சொல்றேன். ஜெனிட்டுக்கான இண்டஸ்டார்-50 சப்பையாக, தடிமனான ஒரு வில்லை மாதிரி இருக்கும். ஜோர்க்கிக்கானது உயரமாக இருக்கும், பின்பக்கம் ஃபோகஸ் வளையத்தோடு சேர்ந்து நகரும் ஒரு உலோக வளையம் இருக்கும். அந்த வளையத்தைப் பார்த்தால் எஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் பணத்தை எடுக்காதீங்க.

சரி, 39 முடிந்தது. பழைய லென்ஸ் தேடுகிற பெரும்பாலானவர்களுக்கு முன்னால் வருவது 42 மில்லிமீட்டர் மரை, எம்42 என்பார்கள். ஜெனிட்-ஈ கூட 1960களின் கடைசியில் அதற்குத்தான் மாறியது. பெரியப்பாவுடையது மாறுவதற்கு முன்னால் வந்தது.

42 பிறந்த ஊர் கிழக்கு ஜெர்மனியில் இருந்த டிரெஸ்டன். 1949ல் அந்த ஊரில் இருந்து இரண்டு கேமராக்கள் அந்த மரையோடு வந்தன. ஒன்று ஜைஸ் ஐகானின் காண்டாக்ஸ்-எஸ். கண் உயரத்தில் வைத்து, இடம் வலம் மாறாமல் நேராகப் பார்க்க வைக்கும் ஐம்பட்டகம் அதன் தலையில் இருந்தது. இன்றைய எஸ்எல்ஆர் உருவம் அதில்தான் தெரிகிறது. இன்னொன்று பிராக்டிகா. பிராக்டிகாவைச் செய்த கமேரா வெர்க்ஷ்டேட்டன் ஆலையின் கதை கொஞ்சம் நின்று கேட்க வேண்டியது.

அதை 1919ல் தொடங்கியவர்கள் பவுல் குத்தே, பென்னோ தோர்ஷ் என்ற இரண்டு பேர். இருவரும் யூதர்கள். ஹிட்லர் ஆட்சியில் யூதர் சொத்து யூதர் கையில் நிற்காது. குத்தே ஸ்விட்சர்லாந்து போய்விட்டார். தோர்ஷ் 1938ல் ஒரு மாற்று ஏற்பாடு செய்துகொண்டார். அமெரிக்காவில் டெட்ராய்ட்டில் புகைப்படத் தொழில் நடத்திய சார்லஸ் நோபிளுக்கு டிரெஸ்டன் ஆலை, தோர்ஷுக்கு அமெரிக்கத் தொழில். கைமாற்று வியாபாரம்னு சொல்லலாம். ஆனால் ஒருவருக்கு அது லாபக் கணக்கு, இன்னொருவருக்கு உயிர்க் கணக்கு. இதை வெறும் வியாபாரம் என்று எழுதிவிட்டுப் போகும் கேமரா புத்தகங்கள் எனக்கு உவப்பாக இல்லை.

நோபிள் குடும்பம் ஆலையை நகரத்தின் ஓரத்தில் நீடர்செட்லிட்ஸ் பகுதிக்கு மாற்றியது. 1939ல் பிராக்டிஃப்ளெக்ஸ் என்ற கேமரா வந்தது. அதன் மரை 40 மில்லிமீட்டர். அப்புறம் போர். 1945 பிப்ரவரி 13 இரவு டிரெஸ்டன் எரிந்ததை அந்தக் குடும்பம் மலைச்சரிவில் இருந்த தங்கள் வீட்டில் இருந்து பார்த்தது. போர் முடிந்தது, சோவியத் படை வந்தது. அமெரிக்கர்கள் நாங்கள், நமக்கு என்ன என்று நினைத்திருப்பார்கள். 1945 கோடையில் சார்லஸ் நோபிளையும் இருபது வயது சொச்சமான மகன் ஜானையும் கைது செய்தார்கள். ஆலை அரசுடைமை ஆனது.

தந்தையையும் மகனையும் சிறையில் போட்டார்கள், அங்கிருந்து முகாம்களுக்கு மாற்றினார்கள். நாஜிகள் விட்டுப்போன புகன்வால்ட் முகாமையே சோவியத் அதிகாரிகள் தங்கள் கைதிகளுக்குப் பயன்படுத்தினார்கள். ஜான் அங்கேயும் இருந்தார். அந்த வருஷங்களில்தான் அவர்கள் ஆலையில் இருந்து, 42 மில்லிமீட்டர் மரையோடு, பிராக்டிகா வெளியே வந்தது. சார்லஸ் 1952ல் விடுதலை ஆனார். ஜானை ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே இருக்கும் வர்குத்தா நிலக்கரிச் சுரங்க முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து ரகசியமாக வெளியே வந்த ஒரு தபால் அட்டையால்தான் அவர் உயிரோடு இருப்பது தெரிந்தது. ஐசன்ஹோவர் அரசு தலையிட்டு, 1955 ஜனவரியில் வெளியே வந்தார். கிட்டத்தட்ட பத்து வருஷம். பிராக்டிகா பாடி ஒன்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தபால் அட்டை ஞாபகம் வரும்.

லென்ஸ் பக்கம் வருவோம். அந்தக் கேமராக்களுக்கு நல்ல லென்ஸ் செய்தது ஜேனா நகரில் இருந்த கார்ல் ஜைஸ். 1945ல் ஜேனாவை முதலில் பிடித்தது அமெரிக்கப் படை. ஆனால் ஒப்பந்தப்படி அந்தப் பகுதி ஜூலையில் சோவியத் கைக்குப் போக வேண்டும். போகும் முன் ஜூனில் ஜைஸின் முக்கிய நிபுணர்கள், நிர்வாகிகள் என்று 80க்கும் மேற்பட்டவர்களை அமெரிக்கர்கள் மேற்கே கூட்டிப் போனார்கள். அவர்கள் ஓபர்கோஹன் ஊரில் புதிய ஜைஸைத் தொடங்கினார்கள். சோவியத் தன் பங்குக்கு எந்திரங்களில் பெரும்பகுதியைக் கழற்றி ரயிலில் ஏற்றியது. 1946 அக்டோபரில் நூற்றுக்கணக்கான நிபுணர்களையும் அழைத்துப் போனது. அழைத்து என்று சொன்னால் தப்பு. விடியற்காலையில் கதவைத் தட்டிக் கூட்டிப் போனார்கள்.

ஒரு வீட்டுப் பாகப்பிரிவினை மாதிரி யோசிங்க. ஒருத்தர் கையில் ஆட்கள், ஒருத்தர் கையில் எந்திரம், காலி வீட்டில் மிச்சம் இருப்பவர்கள் கையில் ஊர்ப் பெயர். மூன்று இடத்திலும் லென்ஸ் வந்தது. சண்டை பெயருக்கு. மேற்கு ஜைஸ் வழக்கு மேல் வழக்கு போட்டதில், கிழக்கு ஜேனா லென்ஸ்கள் பல நாடுகளுக்குத் தங்கள் பெயரோடு போக முடியவில்லை. 1971ல் லண்டனில் இரண்டு ஜைஸும் ஒரு உடன்பாட்டுக்கு வரும்வரை இந்த இழுபறிதான். அதனால்தான் பழைய லென்ஸின் முன் வளையத்தில் இன்றைக்கும் விநோதமான எழுத்துகளைப் பார்க்கிறோம். "கார்ல் ஜைஸ்" இருக்க வேண்டிய இடத்தில் "அவுஸ் ஜேனா", அதாவது "ஜேனாவில் இருந்து". டெஸ்ஸார் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் டி. பயோட்டாருக்கு பி. சோன்னாருக்கு எஸ். ஓரெழுத்து லென்ஸைப் பார்த்து இது போலி என்று ஒதுக்கிவிடாதீங்க. அதே ஆலை, அதே கண்ணாடி. ஏற்றுமதிக்காகப் பெயரைச் சுருக்கிக்கொண்டது.

காண்டாக்ஸ் பெயரும் போச்சு. ஐம்பட்டகத்தின் பெண்டா, காண்டாக்ஸின் கான், இரண்டையும் ஒட்டிப் பெண்டகான் என்று வைத்தார்கள். பெண்டாக்ஸ் என்ற பெயரும் டிரெஸ்டன்காரர்கள் பதிந்து வைத்ததுதான். அதை வாங்கிக்கொண்டது ஜப்பானின் அசாஹி நிறுவனம். 1957ல் அசாஹி பெண்டாக்ஸ் கேமரா வந்தபோது பெயரோடு மரையும் டிரெஸ்டனுடையதாகவே இருந்தது. அதற்கு முன் அவர்கள் வைத்திருந்தது 37 மில்லிமீட்டர் மரை. அப்புறம் யாஷிகா, ஃபுஜிக்கா, ரிக்கோ, சினோன், மாமியா எல்லோரும் 42க்கு வந்தார்கள். பெயருக்கு அத்தனை வழக்கு நடந்தது, ஓட்டை மட்டும் ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி ஆகிவிட்டது.

அதனால் 42க்கு லென்ஸ் தேடும்போது உங்கள் முன்னால் பிரிந்த சொத்தின் வாரிசுகள்தான் நிற்கிறார்கள். எனக்குப் பட்டதைச் சொல்றேன்.

ரஷ்ய வாரிசு ஹீலியோஸ்-44. 58 மில்லிமீட்டர், எஃப்2. ஜைஸில் வில்லி மெர்ட்டே வடிவமைத்த பயோட்டாரின் வழி வந்தது. ஆரம்பத்தில் அதற்கு வைத்த பெயரே பிடிகே, பயோட்டார் கிராஸ்னகோர்ஸ்க் என்பதன் சுருக்கம். மறைக்கக்கூட இல்லை! இலைகளுக்கு முன்னால் ஒருவரை நிறுத்தி எடுத்தால் பின்னணி சுழல்கிற மாதிரி தெரியும், அதற்காகவே இன்றைய பசங்க தேடுறாங்க. லட்சக்கணக்கில் செய்ததால் எளிதாகக் கிடைக்கும். ஹீலியோஸ்-44-2ல் கூடுதல் நன்மை ஒன்று. துவாரத்தைக் கையால் வளையத்தைத் திருகித்தான் சுருக்க வேண்டும், ஸ்பிரிங் கிடையாது. அதனால் இதழ்களில் எண்ணெய் கசிந்திருந்தாலும் பெரிதாகக் கெடாது.

ஸ்பிரிங் உள்ள லென்ஸ்களில்தான் கவனம் வேண்டும். அவற்றின் பின்னால் ஒரு சின்னக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். ஷட்டரை அழுத்தும்போது கேமரா அந்தக் குச்சியைத் தள்ளும், இதழ்கள் மூடும். ஜெனிட்-ஈ போன்ற கேமராவில் தள்ளுவதற்கு ஆள் இல்லை. லென்ஸில் ஆட்டோ, மேனுவல் மாற்றும் சுவிட்ச் இருந்தால் பிழைத்தோம். கிழக்கு ஜெர்மனியின் மேயர் ஆலை செய்த டோமிபிளானில் அது இல்லை. அந்தக் கேமராவில் துவாரம் எப்போதும் முழுக்கத் திறந்தே இருக்கும். மலிவாக இருக்கிறது என்று அதில் கை வைத்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஜப்பான் பக்கம் அசாஹியின் டாக்குமார். நிறுவனரின் சகோதரர் டாக்குமா கஜிவாரா, அமெரிக்காவில் புகைப்படக்காரராகவும் ஓவியராகவும் இருந்தவர். அவர் பெயர்தான் லென்ஸுக்கு. கைவேலைச் சுத்தத்தில் இதற்கு ஈடு சொல்வது கஷ்டம். ஃபோகஸ் வளையம் அறுபது வருஷம் கழித்தும் தயங்காமல் சுற்றுகிறது. 50 மில்லிமீட்டர் எஃப்1.4 சூப்பர் டாக்குமாரின் பிந்தைய வடிவத்தில் ஒரு கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது. பயப்படாதீங்க, பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலில் இருந்த அதே தோரியம்தான். நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலும் இருப்பது. லென்ஸை உடைத்துப் பொடியாக்கி விளையாடாமல் இருந்தால் போதும். ஆனால் வருஷம் போகப் போகக் கண்ணாடி தேநீர் நிறத்துக்கு மஞ்சளாகிவிடும். மருந்து வெயில். புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சள் மெல்ல விலகும். நண்பர் ஒருவருடையதை மொட்டை மாடியில் சில வாரம் காய வைத்தோம், வடகம் மாதிரி. வெளுத்துவிட்டது. காக்கா தூக்கிப் போகாமல் மேலே கண்ணாடித் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால், அந்தத் தட்டே புற ஊதாவைக் கொஞ்சம் தடுத்துவிடுகிறது. ஆக, காவலுக்கு ஆள்தான் உட்கார வேண்டும்.

சொந்தமாக ஒரு கேமரா வாங்குவதாக இருந்தால் 42 மரை பாடியும் டாக்குமாரும்தான் வாங்குவேன். ஆனால் இது பெரியப்பாவின் கேமரா, 39 மரை. 39 லென்ஸை ஒரு வளையம் போட்டு 42 பாடியில் மாட்டலாம். 42 லென்ஸ் 39 ஓட்டைக்குள் போகாது. பாடியை மாற்றிவிடலாம்னு சொல்லிப் பார்த்தேன். "அப்ப அது வேற கேமராதானே?"ன்னார். நியாயம்தான்.

மிச்சம் இருந்தது இரண்டே வழி. சப்பையான ஜெனிட் இண்டஸ்டார்-50, அல்லது 39 மரையோடு வந்த பழைய ஹீலியோஸ்-44. ஜெனிட்-ஈயின் வ்யூஃபைண்டர் மங்கல். எஃப்3.5 இண்டஸ்டாரோடு பெரியப்பாவின் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. எஃப்2 ஹீலியோஸ் அதைவிட மூன்று மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். முழுக்கத் திறந்து வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு, கண்ணை எடுக்காமல் விரலால் வளையத்தை மூடிக்கொள்ளலாம். அதனால் ஹீலியோஸ். இந்த முறை விற்பவரிடம் பின்பக்கப் படம் நாலு கேட்டு வாங்கிப் பார்த்தேன். டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இல்லை என்று வீடியோவும் எடுக்கச் சொன்னேன். வந்த லென்ஸில் துவார இதழ்கள் 13, பிந்தைய ஹீலியோஸ்-44-2ல் எட்டுதான்.

ஜான் நோபிள், ஜெர்மனி இணைந்த பிறகு டிரெஸ்டனுக்குத் திரும்பினார். குடும்ப வீடும் ஆலையும் கைக்கு வந்தன. பிராக்டிகா என்ற பெயர் மட்டும் வரவில்லை. அந்த ஆலையில் அகலவாக்கில் சுற்றிப் படம் எடுக்கும் வேறொரு கேமராவைச் செய்தார்கள், நோப்லெக்ஸ் என்று தங்கள் பெயரையே வைத்து. அதன் லென்ஸைக் கழற்ற முடியாது. 2007ல் டிரெஸ்டனிலேயே காலமானார்.

போன ஞாயிறு பெரியப்பா ஒரு ரோல் எடுத்து முடித்தார். லைட் மீட்டரின் முள் அசையவில்லை, வெயிலைப் பார்த்து அவரே கணக்குப் போட்டார். பெரியம்மா இரண்டு தடவை கண்ணை மூடிவிட்டாங்க, ஒரு தடவை சமையலறைக்குள் போயே விட்டாங்க. ரோல் லேபில் இருக்கிறது. 36ல் எத்தனை தேறும்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன்.